யாருக்குத் தெரியாமல்?

பிரிக்பீல்ட்ஸ்
14 ஜனவரி 2024

அன்புள்ள லோகேஸ்வரி அண்ணிக்கு,

நிலானி எழுதுவது. அப்பா, அம்மா, நான் எல்லாரும் சுகம். கிள்ளானில் நீங்கள் அனைவரும் சுகமா?

'அண்ணி' என்று எழுதும்போது அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சமையலறைக்குப் போய்விட்டாள். இனி நீ லோகாதான். சட்டக் கல்லூரியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் சாண்ட்விச்சைத் தின்றவளைத் திடீரென்று அண்ணி என்று எப்படிக் கூப்பிடுவது? எல்லாம் என் அண்ணன் கிரிதரன் செய்த வேலை. அவன் பாட்டுக்கு உன்னைக் கட்டிக்கொண்டு மிரி கடலில் எண்ணெய் தோண்டப் போய்விட்டான்.

டாக்டர் உன்னைப் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொன்ன அன்று நீ அழுதது எதற்கென்று எனக்குத் தெரியும். சேம்பரிங் இருவரும் ஒன்றாகத் தொடங்க வேண்டியது. ஒரு சீனியரிடம் ஒன்பது மாதம் வேலை பழகாமல் இந்த ஊரில் யாரும் வக்கீலாக முடியாது. நான் தொடங்கிவிட்டேன், நீ கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிறாய். அதனால் ஓர் ஏற்பாடு. நான் பழகுவதை எல்லாம் எழுதுகிறேன். நீ படுத்துக்கொண்டே சேம்பரிங் பண்ணு. போன் திரையைப் பார்த்தால் உனக்குத் தலை சுற்றுகிறது, உன் அம்மாவும் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆகவே காகிதம்தான். தமிழில்தான் எழுத வேண்டும் என்று நீ போட்ட நிபந்தனையால் என் விரல்கள் வலிக்கின்றன.

முதல் பாடம். கோர்ட்டுக்குள் நுழையும்போது தலை வணங்க வேண்டும். எவ்வளவு குனிவது என்று நாம் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் தரையில் எதையோ தேடுவது போல் குனிந்துவிட்டேன். வாசலில் நின்ற போலீஸ்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

வயிற்றில் இருக்கும் யாங் ஆரிஃப் நலமா? நீதிபதியை மலாயில் அப்படி அழைத்துப் பழகிவிட்டேன். உன்னை அசையாமல் படுக்கச் சொல்லி உத்தரவு போட்டவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

நாளை பொங்கல். உனக்கும் சேர்த்துச் சாப்பிடுகிறேன்.

அன்புடன்,
நிலானி


கிள்ளான்
28 ஜனவரி 2024

அன்புள்ள நிலானிக்கு,

இங்கு அம்மாவும் தம்பி கிஷனும் நலம். நானும் யாங் ஆரிஃபும் நலம். உங்கள் வீட்டில் அனைவர் நலமும் அறிய ஆவல். மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

என் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். கொமுட்டர் ரயில் போகும் சத்தம் மட்டும் கேட்கும், ரயில் தெரியாது. மத்தியானத்தில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறேன். நேற்று நம் கல்லூரிக் கட்டடம் கிள்ளான் ஆற்றில் மெதுவாக மிதந்து வந்தது. விரிவுரையாளர்கள் மாடியில் நின்று கையாட்டினார்கள். நீ கரையில் நின்று ஒவ்வொரு மீனுக்கும் குனிந்து வணக்கம் வைத்துக்கொண்டிருந்தாய். விழித்த பிறகும் அறையில் தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது. இப்போதெல்லாம் எனக்குத் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் பெரிய சுவர் ஒன்றும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். சட்டப் பிரிவு எண்களை எழுதாதே, அது புத்தகத்தில் இருக்கிறது. ஆட்கள் சொன்னதை அவர்கள் வாயால் சொன்னபடியே எழுது. கண்ணை மூடினால் எனக்குக் குரல் கேட்க வேண்டும்.

உன் கடிதத்தை யாங் ஆரிஃபுக்கு வாசித்துக் காட்டினேன். ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.

இப்படிக்கு,
படுக்கையில் பயிலும் லோகா


பிரிக்பீல்ட்ஸ்
25 பிப்ரவரி 2024

அன்புள்ள லோகா,

எல்லாரும் சுகம். அப்பா முழங்காலைப் பற்றி நீ கேட்டதை வாசித்ததும் அவருக்கு வலி பாதி போய்விட்டது. மருமகள் பாசம்!

என் சீனியர் சந்திரகலாவின் அலுவலகம் பூக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. விவாகரத்துக் கேஸ்களை எல்லாம் மல்லிகை வாசனையில்தான் படிக்கிறோம். இந்த மாதம் பழகியவை: பதிவகக் கவுண்டரில் இருக்கும் அக்காவிடம் சாப்பிட்டாயிற்றா என்று கேட்காமல் எந்தத் தாளையும் நீட்டக் கூடாது. கோப்பை எத்தனை முறை படித்தாலும் ஜட்ஜ் கேட்கும் பக்கம் மட்டும் கையில் அகப்படாது.

நேற்று ஒரு கிளையன்ட் அழுதார். நான் பாய்ந்து டிஷ்யூவை நீட்டினேன். அவர் போன பிறகு சந்திரகலா, "உடனே நீட்டாத. நீட்டுனா அழுகைய நிறுத்துன்னு சொல்ற மாதிரி. கேள்விய கேட்டுட்டு வாய மூடிக்க. அவங்க பேசுற வரைக்கும் உக்காந்திரு" என்றார்.

என்னைப் போய் வாயை மூடச் சொல்கிறார், லோகா. இதற்கு ஐந்து வருஷம் படித்திருக்கவே வேண்டாம்.

யாங் ஆரிஃப் நலமா? உதைக்கத் தொடங்கினாரா?

அன்புடன்,
நிலானி


கிள்ளான்
10 மார்ச் 2024

அன்புள்ள நிலானிக்கு,

அனைவரும் நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும்.

செய்தி சொல்கிறேன். நேற்று மழை பெய்யும்போது யாங் ஆரிஃப் முதன்முதலாக அசைந்தார். உதை என்று சொல்ல முடியாது. உள்ளே யாரோ பக்கம் புரட்டியது போல இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொன்னேன். அவருக்கு எதுவும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது. எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று எழுத வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

உன் வாய் மூடும் பாடத்தை அம்மாவிடம் சோதித்துப் பார்த்தேன். "ஏம்மா ஒரு மாதிரியா இருக்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பா இறந்த வருஷத்துக் கதை முழுவதும் வந்துவிட்டது. நான் கேட்டிராத கதை. இந்தப் பாடம் வேலை செய்கிறது, நிலானி. நீ பழகிக்கொள்.

குழந்தையை அம்மா பார்த்துக்கொள்வார். அடுத்த ஜனவரியில் நான் சேம்பரிங் தொடங்குவேன். இதை யாங் ஆரிஃபிடமும் சொல்லிவிட்டேன்.

உன் லோகா


பிரிக்பீல்ட்ஸ்
24 மார்ச் 2024

அன்புள்ள லோகா,

நாங்கள் சுகம். யாங் ஆரிஃப் பக்கம் புரட்டினார் என்று வாசித்து இங்கே அம்மா அழுதேவிட்டாள்.

என் முதல் கேஸ் வந்துவிட்டது. இலவசச் சட்ட உதவியில் வந்த கேஸ். பெயர் வள்ளியம்மா, உங்கள் கிள்ளான்தான். கல்யாண மண்டபத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை, காலையில் பள்ளிக்கூடக் கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. ஒரு கல்யாணத்தில் யாரோ ஓர் அம்மாவின் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே தங்கச் சங்கிலி. கேமராவில் எடுத்தது தெரிகிறது. இதுவரை ஒரு கேஸும் அவர்மேல் இருந்ததில்லை. தண்டனை என்று பதிவானால் கேன்டீன் வேலை போய்விடும் என்பதுதான் அவர் பயம்.

விவரம் எழுதிக்கொள்ள என்னை உட்கார வைத்தார்கள். வெளியே பெரிய வரிசை. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். நீ கேட்டபடியே அவர் வாயால்: "தெரியாம எடுத்துட்டேம்மா. சாமி சத்தியமா தெரியாம எடுத்துட்டேன்." திருட்டை ஒப்புக்கொள்ளவும் சாமியைக் கூப்பிடுகிறார், பாவம். யாருக்கும் தெரியாமல் எடுத்ததாகவும் வருந்துவதாகவும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு சந்திரகலா, குற்றத்தை ஒப்புக்கொண்டு கருணை கேட்பதுதான் வழி என்றார். வள்ளியம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த மாதக் கடைசி வியாழன் கோர்ட்.

அவருக்காகப் பேசப் போகும் உரையைக் கண்ணாடி முன்னால் நின்று தினமும் ஒத்திகை பார்க்கிறேன். நன்றாக வந்திருக்கிறது. நீயும் பாராட்ட வேண்டும்.

அன்புடன்,
நிலானி


பிரிக்பீல்ட்ஸ்
13 ஏப்ரல் 2024

அன்புள்ள லோகா,

சுகமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால்காரர் மீது சந்தேகம் இருக்கிறது, ஆதாரம் இல்லை.

அண்ணன் மிரியிலிருந்து வந்திருக்கிறானாம், அம்மா சொன்னாள். எனக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான் போல. வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள். என் உரைக்கு இடைஞ்சல் கூடாது என்றுதான் இருக்கும்.

நாளை புத்தாண்டு. யாங் ஆரிஃபுக்கு என் வாழ்த்தைச் சொல். நலமாக இருக்கிறாரா? இப்போது நன்றாக உதைப்பாரே!

நிலானி


கிள்ளான்
19 ஏப்ரல் 2024

அன்புள்ள நிலானிக்கு,

இங்கு அனைவரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதை விரைவு அஞ்சலில் அனுப்பச் சொல்கிறேன்.

உன் உரையை நிறுத்து. வள்ளியம்மா சொன்னதைத் திரும்பப் படி. தெரியாம எடுத்துட்டேன் என்றார். யாருக்குத் தெரியாம? கேட்டாயா? மற்றவர்களுக்குத் தெரியாமலா, அவருக்கே தெரியாமலா? எங்கள் வீட்டில் கண்ணாடி டம்ளர் கைதவறி உடைந்தால் "தெரியாம ஒடச்சிட்டேன்" என்போம். யாரும் பார்க்காதபோது ஒளிந்து உடைத்தோம் என்று அர்த்தம் இல்லை. திருடியவர் எதற்கு சாமி சத்தியம் செய்ய வேண்டும்?

அது என்ன பை என்றும் நீ எழுதவில்லை. அதையும் கேள்.

வியாழனுக்கு முன்னால் கேட்டுவிடு, நிலானி. இந்த ஒன்றாவது நல்லபடியாக முடியட்டும்.

இப்போதைக்கு இங்கே வர வேண்டாம். கிஷனுக்கு அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறோம்.

லோகா


பிரிக்பீல்ட்ஸ்
12 மே 2024

அன்புள்ள லோகா,

சுகமா? கிஷனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா?

உன் கடிதம் கிடைத்ததும் நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துத் திரும்பப் படித்தேன். அன்று மாலையே ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்தேன். உன் வீட்டைத் தாண்டித்தான் போனேன். வேப்பிலைக்குப் பயந்து எட்டிப் பார்க்கவில்லை. மண்டபத்துப் பின்கட்டில் வள்ளியம்மா வாழையிலைகளை வாரிக்கொண்டிருந்தார்.

"அம்மா, யாருக்குத் தெரியாம எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நிஜமாகவே மூடிக்கொண்டேன்.

"யாருக்குத் தெரியாமன்னா? எனக்கே தெரியாமதாம்மா! எல்லாம் ஒரே பையி லா. மாப்பிள்ள பொண்ணு பேரு போட்ட செவப்பு தாம்பூலப் பையி. வந்தவங்க எல்லாத்துக்கும் அதான். எனக்கும் ஒன்னு குடுத்தாங்க. மேச மேல வெச்சிட்டுப் பெருக்குனேன். போறப்ப எடுத்துக்கிட்டுப் போனேன். அந்தம்மா கழுத்து வலிக்குதுன்னு சங்கிலிய கழட்டி முறுக்குக்கு அடியில வெச்சிருக்காங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வெற்றிலை பாக்கு வந்தால் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைதான் எடுப்பாராம். போலீஸ் வந்தபோது முருகன் படத்துக்கு முன்னால் அப்படியே இருந்தது, முறுக்குப் பொட்டலம்கூடப் பிரிக்காமல். போலீஸ் எடுத்த படத்திலேயே இருக்கிறது. நாங்கள்தான் சங்கிலியை மட்டும் பார்த்திருக்கிறோம்.

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"சொன்னேனேம்மா. தெரியாம எடுத்துட்டேன்னு, மொதல்ல அததானே சொன்னேன். அப்புறம் நீங்க ஒத்துக்கணும்னீங்க. படிச்ச பிள்ள சொல்லுது, சரின்னேன்."

லோகா, என் தப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? எங்கள் வீட்டில் 'தெரியாமல்' என்றால் ஒரே அர்த்தம், அப்பாவுக்குத் தெரியாமல். அம்மா புடவை வாங்கியது, அண்ணன் உன்னைக் காதலித்தது, எல்லாம் அப்பாவுக்குத் தெரியாமல். அந்தக் காதோடுதான் வள்ளியம்மாவைக் கேட்டேன்.

சந்திரகலா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வியாழனன்று வேறு தேதி வாங்கினார். குற்றச்சாட்டைத் திரும்பப் பெறும்படி அரசு வக்கீலுக்கு நாங்கள் எழுதியிருக்கிறோம். காத்திருக்கிறோம்.

இத்துடன் யாங் ஆரிஃபுக்கு மஞ்சள் காலுறை அனுப்புகிறேன். கீழே பூக்கடைக்குப் பக்கத்தில் வாங்கியது. என் கட்டைவிரலுக்குத்தான் சரியாக இருக்கிறது. நலமா அவர்? ஒரு வரியாவது எழுது.

உன் நிலானி


கிள்ளான்
2 ஜூன் 2024

அன்புள்ள நிலானிக்கு,

இங்கு அனைவரும் நலம்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். வள்ளியம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நேற்றுத் தூக்கத்தில் பெரிய மண்டபம். ஆள் யாரும் இல்லை. நாற்காலிதோறும் சிவப்புப் பை. என்னுடையது எது என்று தேடிக்கொண்டே போகிறேன், மண்டபம் முடியவே இல்லை. எல்லாப் பையும் கனமில்லாமல் இருந்தது. விழித்தபோது அம்மா அடுப்படியில் கடுகு தாளிக்கும் சத்தம் கேட்டது, மீன் குழம்பு வாசனை வந்தது. அது வீடுதான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இங்கே தினமும் மாலையில் மழை. வாசல் வேப்பிலை நனைந்துகொண்டே இருக்கிறது.

நீ நல்ல வக்கீலாக வருவாய். தப்பு என்று தெரிந்த அன்றே ரயில் ஏறியவள் நீ.

லோகா


பிரிக்பீல்ட்ஸ்
16 ஜூன் 2024

அன்புள்ள லோகா,

முதலில் நல்ல செய்தி. வள்ளியம்மா மீதான குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். கோர்ட்டில் அதைச் சொன்னபோது அவருக்குப் புரியவில்லை. வெளியே வந்து தமிழில் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நாளைக்குக் கேன்டீனுக்குப் போலாமா?" என்று கேட்டார். போகலாம் என்றேன். அவரும் அழுதார், நானும் அழுதேன். டிஷ்யூ நீட்ட ஆள் இல்லை.

இனி எழுதப் போவதை எப்படி எழுதுவது என்று ஒரு வாரமாகத் தெரியவில்லை.

உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன், வாக்குமூலம் படிக்கப் பழகியது போல. அம்மை போட்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். நீ தாளிப்புச் சத்தம் கேட்டு விழிக்கிறாய். வாசலிலோ வேப்பிலை இன்னும் தொங்குகிறது. அம்மை போட்ட வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரியை ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். இது எனக்கு ஏப்ரலிலேயே தோன்றியிருக்க வேண்டும். வள்ளியம்மாவைப் பற்றிய அவ்வளவு அவசரமான விஷயத்தை நீ அலமாரியைத் திறந்து போனில் சொல்லியிருக்கலாம். நான் உன் குரலைக் கேட்டுவிடக் கூடாது என்று அஞ்சலில் அனுப்பினாய்.

யாங் ஆரிஃப் நலமா என்று மறுபடி மறுபடி கேட்டேன். மார்ச்சுக்குப் பிறகு ஒரு தடவைகூட நீ பதில் எழுதவில்லை.

லோகா, தெரியாம கேட்டுட்டேன். காலுறையும் தெரியாமல்தான் அனுப்பினேன்.

இங்கே அம்மாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் நான் அம்மாவைக் கேட்கப் போவதில்லை. உன்னைத்தான் கேட்கிறேன். எல்லாரும் நலம் என்று எழுதுகிறாயே, யாருக்குத் தெரியாமல்?

கேட்டுவிட்டேன். இனி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு நாள் ஆனாலும் சரி.

நிலானி


கிள்ளான்
14 ஜூலை 2024

நிலானி,

உனக்குத் தெரியாமல்தான். உன் ஒருத்திக்கு மட்டும்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள் அசைவு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை இறந்துவிட்டது. ஆண் குழந்தை. உன் அண்ணன் வந்து கையில் வாங்கினார். உன் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சியது நான்தான். உங்கள் வீட்டில் அதற்குப் பழக்கம் இருக்கிறதே, ஒத்துக்கொண்டார்கள்.

ஏன் என்று கேட்பாய். வீட்டுக்கு வந்த பிறகு எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். யாங் ஆரிஃப் இருந்தார் என்பதையே யாரும் சொல்லவில்லை. தொட்டில் துணியைக்கூட அம்மா எங்கோ கொண்டுபோய்விட்டார். அப்போது உன் புத்தாண்டுக் கடிதம் வந்தது. யாங் ஆரிஃப் நலமா, நன்றாக உதைப்பாரே என்று கேட்டிருந்தாய். உலகத்தில் உன் கடிதத்தில் மட்டும்தான் அவர் உயிரோடு இருந்தார். அந்த ஓர் இடத்தையும் மூட எனக்கு மனம் வரவில்லை. வேப்பிலை கட்டினால் நீ வர மாட்டாய், கடிதம் மட்டும் வரும். அதற்காகத்தான் கட்டினேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். வள்ளியம்மாவின் சொல்லை நான் கண்டுபிடித்தது புத்திசாலித்தனத்தால் இல்லை. அந்த நாட்களில் அம்மாவிடம் நான் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான்: "நான் தெரியாம ஏதாச்சும் செஞ்சிட்டேனாம்மா?" அந்தச் சொல் என் வாயிலேயே இருந்தது. உன் கடிதத்தில் அதைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வள்ளியம்மாவுக்காவது யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது, நீ ஒன்றும் செய்யவில்லை, வீட்டுக்குப் போ என்று.

நீ தெரியாமல் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்படி யாராவது கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. காலுறை என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. திருப்பித் தர மாட்டேன்.

வாசலில் வேப்பிலையை இன்று கழற்றச் சொன்னேன். வா.

லோகா


கிள்ளான்
19 ஜனவரி 2025

அன்புள்ள வக்கீல் நிலானிக்கு,

அம்மா, கிஷன், உன் அண்ணன், எல்லாரையும் பற்றி உனக்கே தெரியும், வாரம் தவறாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாய். போன் அலமாரியிலிருந்து வெளியே வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் ஏற்பாடு ஏற்பாடுதான். போன வருஷம் நீ எழுதினாய், இந்த வருஷம் என் முறை.

முதல் பாடம். கோர்ட்டுக்குள் நுழையும்போது எவ்வளவு குனிவது என்று உனக்கு இன்னும் தெரியாதாம், அதே போலீஸ்காரர் சொன்னார். நான் அளவாகக் குனிந்தேன். நிமிர்ந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள், உள்ளே வந்தவரைப் பார்த்து "யாங் ஆரிஃப்" என்று யாரோ சொன்னார்கள். எனக்குக் கண் கலங்கியது. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக் காலுறையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கோர்ட் முழுவதும் தண்ணீரில் ஆடியது. பிறகு நின்றுவிட்டது. என் சீனியர் கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன், முதல் தடவையிலேயே கையில் அகப்பட்டது.

மற்றபடி, நான் நலம். போன வருஷம் இதே சொல்லை வழக்கத்துக்காக எழுதினேன், உனக்குத் தெரியாமல் ஒளிக்கவும் எழுதினேன். இன்று தெரிந்தே எழுதுகிறேன்.

உன் லோகா